விரைவுச்சாலை ஓய்விடங்களுக்குத் திரும்பும்போது தடக்கோடுகள் உணர்த்துவது என்ன? முழு விவரம்

புதுடெல்லி: மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 33 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. ஓய்விடம் குறித்த அறிவிப்புப் பலகையைக் கண்டு, இங்கு நிறுத்தலாமா, அடுத்த இடத்தில் நிறுத்தலாமா என்று காரில் இருப்பவர்கள் பேசி முடிக்க 15 விநாடி ஆனால், அதற்குள் அரை கிலோமீட்டர் கடந்திருக்கும். அந்த அரை கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலும் வெளியேறும் தடம் தொடங்கி முடிகிறது.

டெல்லி - மும்பை, மும்பை - புனே, ஆக்ரா - லக்னோ, நாக்பூர் - மும்பை என விரைவுச்சாலைகள் பெருகிவரும் நிலையில், அவற்றின் ஓரத்தில் உணவகம், எரிபொருள் நிலையம், கழிப்பறை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றுடன் கூடிய சாலையோர வசதி மையங்களும் பெருகி வருகின்றன. டெல்லி - மும்பை விரைவுச்சாலையில் இவை சுமார் 50 கி.மீ. இடைவெளியில் திட்டமிடப்பட்டுள்ளன. இம்மையங்களின் தூய்மையையும் தரத்தையும் உறுதிசெய்வதற்காக மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2024 அக்டோபரில் 'ஹம்சஃபர்' கொள்கையை வெளியிட்டது. மையத்துக்குள் என்னென்ன வசதிகள் இருக்கும் என்பது பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. அதனுள் எவ்வாறு நுழைய வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

கோடுகளின் வரிசை

முதன்மைச் சாலையில் தடங்களைப் பிரிக்கும் வெள்ளைக் கோடு விட்டுவிட்டு வரையப்பட்டிருக்கும். பாதுகாப்பான இடைவெளி இருந்து, இண்டிகேட்டர் விளக்கின் மூலம் முன்கூட்டியே உணர்த்தினால், இக்கோட்டைக் கடந்து அடுத்த தடத்துக்கு மாறலாம். ஓய்விடத்தை நெருங்கும்போது இடது ஓரத்தில் கூடுதலாக ஒரு தடம் விரியத் தொடங்கும். இது வேகக்குறைப்புத் தடம். முதன்மைத் தடத்தில் வந்த வேகத்தை, பின்னால் வருபவருக்கு இடையூறின்றி இங்கே வந்தபின் குறைத்துக்கொள்வதற்காகவே இது அமைக்கப்படுகிறது.

இத்தடத்தையும் முதன்மைத் தடத்தையும் பிரிக்கும் கோடு முதலில் விட்டுவிட்டு இருக்கும். பின்னர் தொடர் கோடாக மாறும். இந்த மாற்றமே ஓட்டுநர் கவனிக்க வேண்டிய முதன்மையான செய்தி. விட்ட கோடு உள்ளவரை திரும்பலாம். தொடர் கோடு தொடங்கிவிட்டால் உள்ளே செல்வதற்கும், உள்ளே சென்றவர் மனம் மாறி வெளியே வருவதற்கும் காலம் கடந்துவிட்டது எனப் பொருள்.

தொடர் கோட்டுக்கு அப்பால், இரு பாதைகளும் பிரியும் இடத்தில் முக்கோண வடிவில் ஒரு நிலப்பரப்பு உண்டு. அதில் அம்புமுனை போன்ற வெள்ளைச் சாய்கோடுகள் வரையப்பட்டிருக்கும். ஆங்கிலப் பொறியியல் நூல்களில் 'கோர்' எனப்படும் இப்பகுதிக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. அந்த ஆங்கிலச் சொல் ஆடையில் வைத்துத் தைக்கும் முக்கோணத் துணியையும் குறிப்பது. இக்கட்டுரையில் இதனைப் 'பிரிமுனை' எனக் கொள்வோம். பிரிமுனை என்பது வாகனம் செல்வதற்கோ நிற்பதற்கோ உரிய இடம் அன்று. ஆயினும், வழி தவறியவர்கள் நின்று கைப்பேசியில் வரைபடம் பார்க்கும் இடமாகவும், கடைசி நொடியில் குறுக்கே பாய்பவர்கள் பயன்படுத்தும் குறுக்குவழியாகவும் அது மாறிவிடுகிறது. அதன் முனையில் கறுப்பு, மஞ்சள் பட்டைகளுடன் அபாயக் குறியீடும், பல இடங்களில் இரும்புத் தடுப்பின் தொடக்கமும் இருக்கும்.

வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு

எட்டு வழிச்சாலையில் ஒரு திசைக்கு நான்கு தடங்கள். வலது ஓரத் தடத்தில் செல்லும் கார், வேகக்குறைப்புத் தடத்தை அடைவதற்கு முன் மூன்று முறை தடம் மாறியாக வேண்டும். ஒரு மாற்றத்துக்கு 5 விநாடி எனக் குறைந்த அளவில் கணக்கிட்டாலும், 120 கி.மீ. வேகத்தில் 500 மீட்டர் அதற்கே செலவாகிவிடும். எனவே 500 மீட்டர் பலகையைக் கண்டபின் வலது ஓரத்திலிருந்து புறப்படுவது மிகவும் தாமதம். 2 கி.மீ. அல்லது 1 கி.மீ. பலகையைக் கண்டதுமே, ஒவ்வொரு தடமாக மாறி இடப்புறம் வந்து சேர்வதே முறை. மூன்று தடங்களையும் ஒரே வீச்சில் சாய்வாகக் கடப்பது அன்று.

இந்தியச் சாலைகளில் இதில் மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 2018 ஏப்ரலில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கையின்படி, விரைவுச்சாலையில் கார்களுக்கான உச்ச வேக வரம்பு மணிக்கு 120 கி.மீ.; சரக்கு வாகனங்களுக்கு 80 கி.மீ. (குறிப்பிட்ட சாலைகளில் இதைவிடக் குறைந்த வரம்பு விதிக்கப்படுவதும் உண்டு.) சரக்கு வாகனங்கள் இடப்புறத் தடங்களில் செல்ல வேண்டியவை. ஆகவே ஓய்விடத்துக்குத் திரும்பும் கார், தன்னைவிட மிக மெதுவாகச் செல்லும் லாரி வரிசையின் ஊடே நுழைந்தாக வேண்டும். நம் நாட்டு லாரிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். அவரது பார்வைக்கு எட்டாத பகுதி இடப்புறத்தில்தான் மிகுதி. சில லாரிகள் விதிக்கு மாறாக நடுத்தடத்திலோ வலத்தடத்திலோ செல்லும்போது, கார்கள் அவற்றை இடப்புறமாக முந்தி, அதே வேகத்தில் ஓய்விடத்துக்குள் பாய்கின்றன. அந்நேரத்தில் லாரியும் அதே ஓய்விடத்துக்காக இடப்புறம் திரும்பினால், அருகே கார் இருப்பது அதன் ஓட்டுநருக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் போகலாம்.

லாரியை முந்திச் சென்று அதன் முன்னால் நுழைந்து உடனே பிரேக் அழுத்துவதும் இதற்குக் குறைந்த ஆபத்து அன்று. சாலை வடிவமைப்பில் இந்திய சாலைகள் காங்கிரஸ் பின்பற்றும் அளவீட்டின்படி, 100 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் தடையைக் கண்டு நிற்பதற்கு 180 மீட்டர் தேவை; 80 கி.மீ. வேகத்தில் 120 மீட்டர் தேவை. முன்னால் நுழையும் கார் அந்த இடைவெளியைப் பறித்துக்கொள்கிறது. லாரிக்குப் பின்னால் தங்கி, அதைத் தொடர்ந்து உள்ளே செல்வதால் இழப்பது சில விநாடிகளே.

நீதிமன்றம் கூறியது

நெடுஞ்சாலையில் முன்னறிவிப்பின்றித் திடீரென பிரேக் அழுத்துவது கவனக்குறைவாகவே கருதப்படும் என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. கோயம்புத்தூரில் 2017-ல் நிகழ்ந்த விபத்து தொடர்பான வழக்கு அது. முன்னால் சென்ற கார் திடீரென நின்றதால், இருசக்கர வாகனத்தில் வந்த பொறியியல் மாணவர் அதன் மீது மோதிக் கீழே விழுந்தார். பின்னால் வந்த பேருந்து ஏறியதில் அவரது இடது காலை அகற்ற நேர்ந்தது. உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் ஏற்பட்டதால் நிறுத்தியதாகக் கார் ஓட்டுநர் கூறிய விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொறுப்பில் 50 சதவீதம் கார் ஓட்டுநருக்கும், 30 சதவீதம் பேருந்து ஓட்டுநருக்கும், 20 சதவீதம் மாணவருக்கும் எனப் பிரிக்கப்பட்டது. பின்னால் வந்து மோதியவரே முழுப் பொறுப்பு என்ற பரவலான நம்பிக்கைக்கு இத்தீர்ப்பு இடமளிக்கவில்லை.

தடக்கோடுகளைப் பின்பற்றுவது மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017-ன் கீழ் கட்டாயமாகும். இவ்வொழுங்குமுறைகளை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தவறவிட்ட நுழைவை நோக்கி எதிர்த்திசையில் திரும்பி வருவது இதைவிடக் கடுமையான குற்றம். அது ஆபத்தான முறையில் ஓட்டுதலை வரையறுக்கும் 184-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அப்பிரிவு வழிசெய்கிறது.

தவறவிட்டால்

ஓய்விடத்தைத் தவறவிட்டவர் தொடர்ந்து செல்வதே ஒரே வழி. பின்னோக்கி ஓட்டுவதற்கோ, சாலையின் ஓரப்பட்டையில் நிறுத்தி நடந்து செல்வதற்கோ இடமில்லை. ஓரப்பட்டை பழுதான வாகனங்களுக்கும் அவசர ஊர்திகளுக்கும் உரியது. அடுத்த வசதி மையம் எங்குள்ளது என்பதை, தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் பயணத்துக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம். ஓய்விடத்துக்கான நுழைவையும், ஊருக்குள் இறங்கும் வெளியேறு வழியையும் குழப்பிக்கொள்ளாதிருக்கவும் அது உதவும். தொலைவுக்கேற்பக் கட்டணம் பெறப்படும் சாலைகளில், ஊருக்குள் இறங்கும் வழியில் சுங்கச்சாவடி குறுக்கிடும். ஓய்விடத்துக்குச் செல்லும் வழியில் அது இராது.

உள்ளே நுழைந்தபின் வேகமானியைப் பார்ப்பது நல்லது. நீண்ட நேரம் 100 கி.மீ.க்கு மேல் ஓட்டிய கண்ணுக்கு 60 கி.மீ. வேகம்கூட ஊர்வதுபோலத் தோன்றும். ஆனால் சில நூறு மீட்டரில் குழந்தைகள் நடமாடும் வாகன நிறுத்துமிடம் வந்துவிடும். நுழைவுப் பாதையிலேயே லாரிகளை நிறுத்திவைக்கும் வழக்கமும் சில இடங்களில் காணப்படுகிறது. ராஜஸ்தானின் பலோதி அருகே 2025 நவம்பரில் நின்றிருந்த டிரெய்லர் லாரி மீது வேன் மோதி 15 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்குப் பதிவு செய்து, அனுமதிக்கப்படாத இடங்களில் நெடுஞ்சாலையோரம் இயங்கும் தாபாக்கள் குறித்து அறிக்கை கேட்டது.

ஓய்விடத்திலிருந்து மீண்டும் சாலையை அடையும்போது வரிசை தலைகீழாகும். முதலில் தொடர் கோடு, பின்னர் விட்ட கோடு. முதன்மைச் சாலையில் வருபவருக்கே முன்னுரிமை. வேகமூட்டும் தடத்தின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, இடது ஓரத் தடத்தின் வேகத்தை எட்டியபின், வலப்புற இண்டிகேட்டருடன் இணைய வேண்டும். வாகனம் பழுதாகி வழியில் நின்றுவிட்டால், தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.