பவானி ஜமக்காளம்: அவை தாங்கிய நெசவு

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. தறியில் நெடுக ஓடும் இழைக்கும் 'பா' என்று பெயர். புலவன் யாத்த செய்யுளுக்கும் அதுவே பெயர். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவன் அறிவைக் கதிராகவும் உருவகித்துக் காட்டும் நன்னூற் பாயிரம் இவ்வுறவை இலக்கணமாகவே நிறுவிற்று. எனினும், கவியரங்கில் புலவரும் சுவைஞரும் கூடியமர்ந்த விரிப்பை நெய்த கை எவருடையது என வினவினோர் சிலரே.

திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில், நாள்தோறும் திருமணம் நிகழ்ந்த வரலாறு கூறும் தலம். மணவீட்டில் உறவினர் வந்தமரத் தரையில் முதலில் விரிக்கப்படுவது ஜமக்காளமாகவே இருந்தது. இக்கடற்கரையும் துணியோடு தொடர்பில்லாததன்று. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் மெல்லிய மசுலின் துணிகளை அங்கிருந்தே கப்பலேற்றினர். கடல் கடந்து சென்ற அத்துணிக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது; வீட்டுத் தரையில் கிடந்த விரிப்போ வரலாற்றாசிரியர் கண்ணில் அரிதாகவே பட்டது.

அவ்விரிப்பின் தாயகம், காவிரியும் பவானியும் கூடும் பவானி நகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத்துணி நம் சந்தைகளை நிறைத்தபோது, கைத்தறித் துணிகள் விலைபோகாமல் தேங்கின. அந்நெருக்கடியில், பவானியில் வாழ்ந்த ஜங்கமர் என்னும் நெசவுச் சமூகத்தார் தடித்த வண்ணப் பருத்தி நூலைக் கொண்டு விரிப்பு நெய்யத் தலைப்பட்டனர். ஆலை செய்ய முனையாததைத் தறி செய்தது; பிழைக்கும் வழி தேடியவர்கள் ஒரு கலையைக் கண்டடைந்தனர். கன்னடத்தில் இவ்வகை விரிப்பு 'ஜம்கானா' எனப்படும். தார்வாட் மாவட்டத்து நவல்குந்து அதற்குப் பெயர்பெற்ற ஊர். பெயரின் உறவு இரு மண்ணின் தொடர்பையும் காட்டுகிறது.

ஜமக்காளத்தின் நுட்பம் எளிமையில் மறைந்திருப்பது. ஊடை நூல் தடித்தது. அதனை நெருக்கி அடிக்க அடிக்க, பாவிழை முற்றும் மறைந்து ஊடையின் நிறமே மேலெழும். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனக் குறுக்கே பட்டைகள் அமைவது இதனாற்றான். அகன்ற விரிப்பாயின் இருவர் அருகருகே அமர்ந்து நெய்ய வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் இயங்காவிடில் பட்டை கோணும். கரையில் செயற்கைப் பட்டால் பூ வேலை செய்த வகையும் உண்டு. முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடின்றி இருபுறமும் விரிக்கலாம் என்பது பட்டை ஜமக்காளத்தின் தனிச்சிறப்பு.

உலகப் புகழ்பெற்ற துருக்கிக் கம்பளத்தோடு இதனை ஒப்புநோக்குதல் தகும். பாவிழைகள் இரண்டைச் சுற்றிக் கம்பளி இழையை வளைத்து, அதன் இரு நுனிகளையும் நடுவே வெளியிழுத்து வெட்டுவது துருக்கி முடிச்சு. பல்லாயிரம் முடிச்சுகள் சேர்ந்து ஒரு கம்பளமாகும். கோன்யா நகரத்து அலாவுத்தீன் பள்ளிவாசலில் கண்டெடுக்கப்பட்ட பழங்கம்பளங்கள் இன்று இசுதான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1533இல் ஓவியர் ஹோல்பைன் தீட்டிய 'தூதுவர்கள்' ஓவியத்தில் துருக்கிக் கம்பளம் மேசைமேல் விரிந்துகிடக்கிறது. மிதிக்கத் தகாத செல்வமாக ஐரோப்பா அதனைக் கருதியதற்கு இது சான்று. முடிச்சின்றித் தட்டையாக நெய்யும் 'கிலிம்' என்னும் விரிப்பும் துருக்கியில் உண்டு. நம் ஜமக்காளத்துக்கு நெருங்கிய உறவு அதுவே.

துருக்கிக் கலைக்கும் தாழ்வு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலிவான செயற்கைச் சாயம் நுழைந்தது. நிறங்கள் வெளிறின, தாவரச் சாயமறிவு கிராமங்களில் மங்கிற்று. 1981இல் தொடங்கிய 'டோபாக்' திட்டம் பழைய சாயமுறைகளை ஆய்ந்து கண்டு, நெய்வோரைக் கூட்டுறவாக இணைத்து, நியாய விலைக்கு வழி செய்தது. கலையை மீட்டது புகழுரையன்று, சாயமும் கூலியும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நம் நாட்டிலும் காப்புகள் இல்லாமலில்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என்றது. 1996இல் அப்பட்டியல் 22இலிருந்து 11ஆகச் சுருங்கியபோதும் ஜமக்காளம் அதில் நிலைபெற்றது. 2005-06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் குறைந்த விலைக்குச் சந்தையில் உலவுகின்றன. சட்டம் ஏட்டில் நின்றது. விலையோ கடைத்தெருவில் முடிவாயிற்று. கூலி கட்டாத தொழிலை இளையோர் நாடவில்லை. மற்றொரு காரணம் நம்மிடமே உள்ளது. மண்டபங்களில் நெகிழி நாற்காலிகள் வந்தன. தரையில் அமரும் வழக்கம் குறைந்தது. விரிப்பு மடிக்கப்பட்டு மூலைக்குச் சென்றது.

நாற்காலிக்கு வரிசையுண்டு, முதல் வரிசை, பின்வரிசை என்ற தரமுண்டு. ஜமக்காளத்தில் எண்ணப்பட்ட இருக்கை இல்லை. பின்னே வந்தவருக்கு முன்னே இருந்தவர் சற்று நகர்ந்து இடம் கொடுப்பார். மூத்த புலவரும் முதற்கவிதை படிக்க வந்த இளைஞரும் ஒரே பட்டையின்மேல் அமர்வர். துருக்கிக் கம்பளத்தின் மதிப்பு முடிச்சின் எண்ணிக்கையில் அளக்கப்படுமாயின், ஜமக்காளத்தின் மதிப்பு அதன்மேல் கூடியோரின் எண்ணிக்கையில் அளக்கப்பட வேண்டும்.

இலக்கிய அமைப்புகள் இதில் செய்யத்தக்கது சிறிது, ஆனால் இயலாததன்று. கூட்டத்துக்கு விரிப்பு வாங்குங்கால், 2006இல் நடுவணரசு அறிமுகப்படுத்திய கைத்தறி முத்திரை உளதா என நோக்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் நேரே வாங்கலாம். பாவும் ஊடையும் கூடினாலன்றித் துணியில்லை; பாடுவோரும் கேட்போரும் கூடினாலன்றி அவையில்லை. அவ்வவைக்குத் தரை தந்தவர் கூலிக்கு வாடும்போது, நூலைப் போற்றும் நாம் வாளாவிருத்தல் முறையன்று.