பாலிங் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்

கெடா மாநிலத்தின் பாலிங் நகரில் இயங்கும் கீழ்நிலை நீதிமன்றம். மலேசியாவில் ஷரியா நீதிமன்றங்கள் மாநிலங்களைச் சேர்ந்தவை. குற்றவியல், உரிமையியல் நீதிமன்றங்கள் கூட்டரசைச் சேர்ந்தவை. பாலிங் நீதிமன்றமும் கூட்டரசைச் சேர்ந்ததே; 1948ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றச் சட்டமே இதன் அடிப்படை.

முதல் வகுப்பு மாஜிஸ்திரேட், பத்து ஆண்டுவரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்களை விசாரிக்கலாம். ஆனால் பொதுவாக அவர் விதிக்கும் தண்டனை 5 ஆண்டுச் சிறை, 10,000 ரிங்கிட் அபராதம், 12 பிரம்படி ஆகிய வரம்புகளைத் தாண்டாது. உரிமையியல் வழக்கில் வரம்பு 1,00,000 ரிங்கிட். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மேலே செஷன்ஸ் நீதிமன்றம். மரண தண்டனைக்குரிய குற்றங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கெடாவில் உயர் நீதிமன்றம் அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் அமர்கிறது.

நியமனத்திலும் படிநிலை உண்டு. மலாயா தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி மாஜிஸ்திரேட்டை மாநில அரசும், செஷன்ஸ் நீதிபதியை மாமன்னரும் நியமிக்கிறார்கள். உயர் நீதிமன்ற நீதிபதிகளை மாமன்னர், பிரதமரின் ஆலோசனையின் பேரில், ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்து நியமிக்கிறார். அவர்களின் ஓய்வு வயது 66. ஜூரி முறை 1995இல் முற்றாக ஒழிந்ததால் தீர்ப்பு முழுக்க நீதிபதி கையில்தான்.

வழக்கு நடப்பது மலாய் மொழியில். தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத் தொழிலாளிக்குக் குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். ‘ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா?’ என்பதற்கு தொழிலாளியின் வாயால் வரும் பதிலே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது. புரியாமல் தலையாட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை. வசதியற்ற மலேசியருக்கு உதவ 2011இல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் நிறுவப்பட்டது. பதில் சொல்லுமுன் அதன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.