மறுதொடக்கமும் மாறிய வகுப்பறையும்: ‘கனா காணும் காலங்கள்’ முதல் எபிசோடைத் திசையன்விளையிலிருந்து மதிப்பிடல்

விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ என்னும் பள்ளித் தொடர், 2022 ஏப்ரல் 22 அன்று அதே பெயரில், புதிய மாணவர்களோடும் புதிய கதையோடும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் மறுபடி வந்தது. இப்படிப்பட்ட மறுதொடக்கத்தின் முதல் எபிசோடைப் பார்த்ததும் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: பழையது மாதிரி இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும் விமர்சனம், இன்று பார்க்கிற பிள்ளையை விட்டுவிட்டு, அன்று பார்த்த அண்ணன் அக்காமாரின் ஞாபகத்துக்கு மதிப்பெண் போடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நெல்லை மாவட்டத்துத் திசையன்விளை போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தக் கோளாறு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

மறுதொடக்கம் என்பது இடையில் கழிந்த ஆண்டுகளை என்ன செய்வது என்ற சிக்கல். கனடாவின் ‘டிகிராஸி’ இதைக் கதைக்குள்ளேயே தீர்த்துக்கொண்டது. 1987-இல் தொடங்கிய தொடரில் பள்ளி வயதிலேயே கர்ப்பமான ஸ்பைக் பெற்ற பிள்ளை எம்மா, 2001-இல் வந்த ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் தானே மாணவி. தாயின் வகுப்புத் தோழர்கள் பழைய மாணவர் சந்திப்புக்குக் கூடுகிறார்கள். மகளோ இணையத்தில் பழகிய ஒருவனைப் பார்க்க விடுதிக்குப் போய் ஆபத்தில் மாட்டுகிறாள். பழைய ரசிகருக்குத் தாய், புதிய ரசிகருக்கு மகள், இடைவெளியே கதையாகிவிட்டது. 2020-இல் திரும்பிய அமெரிக்கப் பள்ளித் தொடர் ‘சேவ்ட் பை த பெல்’ வேறு வழி போனது. பழைய நாயகன் ஜாக் மோரிஸ் இப்போது கலிபோர்னியா ஆளுநர். அவர் ஏழைப் பகுதிப் பள்ளிகளை மூடிவிட, அந்தப் பிள்ளைகள் வசதியான பேசைடு பள்ளிக்கு வந்து சேர்கிறார்கள். பழைய தொடர் கண்டுகொள்ளாத வர்க்கத்தைப் புதிய தொடர் வகுப்புக்குள் உட்கார வைத்தது.

தமிழில் நடந்தது இவ்விரண்டும் இல்லை. ‘கனா காணும் காலங்கள்’ என்பது ‘7ஜி ரெயின்போ காலனி’ படப் பாடல் வழியாக 2004-லேயே எல்லோர் காதிலும் விழுந்திருந்த சொற்றொடர், தொலைக்காட்சி அதைத் தலைப்பாக்கியது. பின்பு அதே தலைப்பில் கல்லூரிக் கதையும் வந்தது. நடிகர் கவின் அந்த வழியாக வந்தவர். ஆக இங்கே தலைப்பு ஒரு கதையுலகின் பெயராக இருந்ததே இல்லை. தென்மாவட்டத்து வியாபாரி புதிய ஊரில் கிளை திறக்கும்போது மாட்டுகிற பழைய பெயர்ப்பலகை மாதிரிதான் அது. பலகையைப் பார்த்து ஆள் உள்ளே வரும். சரக்கு வேறாக இருக்கலாம். அதனால் ‘பழையது மாதிரி இருக்கிறதா’ என்ற கேள்விக்கு இங்கே பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாறியதில் பெரிது பார்க்கும் முறை. தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும் 2006-இல்தான். முன்னறையில் அம்மாவும் ஆச்சியும் இருக்க, ரிமோட் பெரியவர் கையில் இருக்க, பள்ளிக் காதலைப் பையன் பார்த்தான். காட்சி எதுவரை போகலாம் என்பதை அந்த அறையே தீர்மானித்தது. ஜியோ 2016 செப்டம்பரில் வந்து டேட்டாவை மலிவாக்கிய பிறகு, அதே வயதுப் பிள்ளை காதில் இயர்போனோடு தனியாகப் பார்க்கிறது. ஆச்சி எழுந்து போன அறைக்கு எழுதுவதும் அவர் இருக்கும்போது எழுதுவதும் ஒன்றாகாது.

ஆனால் நான் அழுத்த விரும்புவது தேதியை. 2022 ஏப்ரலில் பிளஸ் டூ படித்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் அவர்களுடைய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி. பிளஸ் ஒன்னிலும் அதே ஆல் பாஸ். வகுப்பு என்பது செல்போனும் கல்வித் தொலைக்காட்சியுமாகச் சுருங்கியிருந்தது. 2021 செப்டம்பர் 1-இல் பள்ளி திறந்து, 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் மறுபடி திறந்தது. அவர்கள் வாழ்க்கையிலேயே எழுதிய முதல் பொதுத்தேர்வு 2022 மே 5-இல் தொடங்கியது. தொடர் வெளியானதற்குப் பதின்மூன்றாம் நாள். ரிவிஷன் டெஸ்டும் ஸ்பெஷல் கிளாஸும் ஹால் டிக்கெட்டுமாக அலைந்த அந்தப் பிள்ளைக்கு, கடைசி பெஞ்சு அரட்டை என்பது பழைய ஞாபகம் இல்லை, கைக்குக் கிடைக்காமல் போன ஒன்று. முப்பது வயதுக்காரர் அதே காட்சியைப் பார்த்து ‘நம்ம காலம்’ என்கிறார். இரண்டு ஏக்கங்களும் ஒன்றல்ல. முதல் எபிசோடுக்கு விமர்சனம் எழுதுபவர் இதில் எதன் பக்கம் நிற்கிறார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

திசையன்விளைக்கு வருவோம். தேரி மணலும் பனையும் முருங்கையும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், படிப்பு முடிந்தால் சென்னைக் கடை, மும்பை, வளைகுடா என்று கிளம்புவது புதிதல்ல. பள்ளித் தொடரோ பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். அந்த வகையின் இலக்கணமே அது. வாசலுக்கு வெளியே இருப்பதைக் காட்டியது வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010). பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன், தகப்பனை ரயில் விபத்தில் இழந்து, ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்கிறான். உடன் போகும் நண்பன் மாரிமுத்துவாக நடித்தவர் பாண்டி, 2006 தொடரில் மாணவனாக வந்து பெயரெடுத்தவர். சின்னத்திரையில் சீருடை போட்ட அதே முகம், நான்கே ஆண்டில் கடைச் சீருடை போட்டது. திரையில் பெரும்பாலும் சிரிப்புக்கென ஒதுக்கிய நெல்லைப் பேச்சை அப்படம், ஜெயமோகனின் வசனத்தில், துக்கத்தையும் கோபத்தையும் பேச வைத்தது. தயாரிப்பாளர்கள் திட்டமிடாவிட்டாலும், அந்தப் பள்ளித் தொடருக்கு நேர்மையான அடுத்த பருவம் என்று நான் கருதுவது அப்படத்தைத்தான்.

‘இளைஞர்களின் கனவைக் கடைத்தெருவில் கொண்டுபோய் முடிக்க வேண்டுமா, பொழுதுபோக்குக்கு அந்தச் சுமை எதற்கு’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சிரிக்க வைப்பதும் ஒரு வேலை. ஆனால் டிகிராஸி சுமையைத் தூக்கிக்கொண்டே பொழுதும் போக்கியது. 2006-இல் பதினைந்து வயதானவருக்கு 2022-இல் முப்பத்தொன்று. அந்த வகுப்பில் ஒருவர் சென்னைக் கடையில் சூப்பர்வைசர், ஒருவர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், ஒருவர் அதே பள்ளிக்கு டீச்சராகத் திரும்பியவர் என்று வைத்துப் பழைய மாணவர் சந்திப்பு ஒன்றை எழுதியிருந்தால், பெயர்ப்பலகைக்கு அடியில் கதையும் இருந்திருக்கும்.