‘ஒட்டிய நிலம்’: மட்டாஞ்சேரியின் மரபுக் கட்டடங்களும் ஒரு சட்டத் தொடரும்

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அதை ஒட்டி நிற்கும் 1568ஆம் ஆண்டின் பரதேசி ஜெப ஆலயமும் யூதத்தெருவும் பஜார் சாலைப் பண்டகசாலைகளும் அதே குடையின் கீழ் வந்துவிடுகின்றன என்றொரு வாசிப்பு ஆய்வாளரிடையே நிலவுகிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, பழஞ்சின்னம் என்பதில் அது அமைந்த இடத்தையும், ஒட்டிய நிலத்தின் ஒரு பகுதியையும், அங்கே செல்லும் வழியையும் சேர்த்திருப்பதே இதற்கு ஆதாரம். ஆனால் அத்தொடரை முழுதாகப் படிக்க வேண்டும். வேலியிடவோ மூடிக் காக்கவோ வேறு வகையில் பேணவோ தேவைப்படும் அளவு நிலம் என்றுதான் சட்டம் சொல்கிறது. பேணப்படுவது சின்னம், நிலம் அதற்குத் துணை. வழியும் அப்படியே: சின்னத்தை அடையவும் வசதியாகப் பார்வையிடவும் உதவுவதாலேயே அது இடம்பெறுகிறது. மிளகும் சுக்கும் ஏலமும் கைமாறிய ஒரு தெருவுக்குத் தனக்கென மதிப்பு உண்டு என்பதற்கு இவ்வரையறையில் இடமே இல்லை. நீதிமன்றம் நாளை இதை விரித்துப் பொருள்கொள்ளக்கூடும். சொற்களின் இன்றைய அமைப்பு அதற்கு இடம் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்த 100 மீட்டர் தடைப் பகுதியையும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியையும் காட்டி மறுப்போர் உண்டு. அந்த எல்லை தூரத்தை அளக்கிறது, மதிப்பை அளப்பதில்லை. நூற்றாண்டு கண்ட மரக்கூரை வீடும் நேற்று எழுந்த சிமெண்டுக் கொட்டகையும் அதற்கு ஒன்றே.

மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1544இல் கட்டப்பட்டதாகக் கூறப்படும் அதன் உள் மரவேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிடங்காகிப்போன கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சட்டப் பாதுகாப்புக்கு அதன் வயது போதாமலில்லை, நூறாண்டு வரம்பு கொண்ட கேரளத் தொல்லியல் சட்டம் 1968 முதலே இருக்கிறது. மரபுக் கட்டடங்களின் பட்டியல் ஒன்று இருந்தால் அது மழையைத் தடுக்குமா என்று கேட்கலாம். தடுக்காது. ஆனால் ஆபத்தான கட்டடத்தை இடி அல்லது பழுதுபார் என்று உரிமையாளருக்கு அறிவிப்புத் தருவது நகராட்சியின் அன்றாட அதிகாரம். அவ்விரண்டில் எதைக் கோருவது என்ற முடிவு நகராட்சிச் செயலாளரின் மேசையில் எடுக்கப்படுகிறது. மரபுப் பட்டியல் அந்த மேசையில்தான் இருக்க வேண்டும்.

சின்னங்கள் மத்திய, மாநில அரசுகளின் பொருள், உள்ளாட்சிக்கு அதில் என்ன வேலை என்ற வாதம் நெடிய பதிலுக்கு உரியதன்று. அரசமைப்பின் 12ஆம் அட்டவணை நகரத் திட்டமிடலை முதல் பொருளாகவே நகராட்சிகளுக்கு வைத்திருக்கிறது. பம்பாயின் 1995ஆம் ஆண்டு மரபு விதிமுறைகளும் தொல்லியல் சட்டத்திலிருந்து பிறக்கவில்லை. நகரத் திட்டச் சட்டத்தின் வழியே கட்டடங்களைத் தனித்தனியாகப் பெயர் குறித்து மூன்று தரங்களாகப் பிரித்தன. உரிமையாளரின் இழப்பை ஈடுசெய்ய, கட்டும் உரிமையை வேறிடத்துக்கு மாற்றும் வழியையும் வைத்தன. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, எர்ணாகுளம் நகராட்சிகளை இணைத்து 1967இல் உருவான கொச்சி மாநகராட்சி, மட்டாஞ்சேரியின் கட்டடங்களைக் கதவிலக்கத்தோடு பட்டியலிட்டு, அதைத் தன் பெருந்திட்டத்தின் பகுதியாக்க வேண்டும்.