ராஜாஜியின் அரசியல் மரபு: வரியும் அரசின் எல்லையும்

சி. ராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் பின்னர் முதலமைச்சராகவும் இருந்தவர். எண்பது வயதில் சுதந்திரக் கட்சியைத் தொடங்கி, வரிச்சுமையும் அரசின் கட்டுப்பாடுகளும் குறைய வேண்டும் என்று வாதிட்டார்.

வரி தொடர்பான அவரது வரலாறு நேர்கோட்டில் அமைந்ததல்ல. 1930-ல் உப்பு வரியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சிறை சென்றார். ஆனால், நாட்டில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்ததும் அவரது அமைச்சரவைதான். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கால் வருவாய் குறைந்தது; அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. குடிமகன் எதைக் குடிக்கலாம் என்பதில் அரசு தலையிடுவதை ராஜாஜி கடைசிவரை ஆதரித்தார். 1971-ல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது, வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியிடம் நேரில் கேட்டுக்கொண்டார். அவரைத் தூய தாராளவாதியாகக் காட்டும் எழுத்துகள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றன.

1952-ல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியது அவரது பிற்காலப் போக்குக்கு முன்னோட்டம். 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாகபுரி மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றது. நிலம் உழவரின் கையைவிட்டுப் போகும் என்ற அச்சம் பரவியது. அவ்வாண்டு ஜூனில் சென்னையில் சுதந்திரக் கட்சி அறிவிக்கப்பட்டது. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் தில்லியின் அனுமதி தேவைப்பட்ட ஏற்பாட்டை ராஜாஜி ‘பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்’ என்றார். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் லஞ்சத்துக்கும் ஆளுங்கட்சியின் நிதி வசூலுக்கும் வழிவிடும் என்பது அவர் வாதம்.

1962-ல் மக்களவையில் 18 இடங்களைப் பெற்ற கட்சி, 1967-ல் 44 இடங்களுடன் மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. தமிழகத்தில் அது தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்தது. காங்கிரசை வீழ்த்துவதே நோக்கம். மற்றபடி, ரூபாய்க்கு அரிசி தருவதாக வாக்களித்த கட்சிக்கும் சுதந்திரக் கட்சிக்கும் பொருளாதாரக் கொள்கையில் உறவு ஏதும் இல்லை. மன்னர்கள், நிலக்கிழார்கள், முதலாளிகளின் கட்சி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வட இந்தியாவிலும் ஒரிசாவிலும் அதில் உண்மை இருந்தது. 1971-ல் 8 இடங்களே கிடைத்தன. ராஜாஜி மறைந்து இரண்டே ஆண்டில், 1974-ல், கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. வருமான வரியின் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு 97.75 சதவீதத்தைத் தொட்ட காலம் அது.

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை நீக்கியது காங்கிரஸ் அரசுதான். அந்நியச் செலாவணி நெருக்கடிதான் அதற்கு உடனடிக் காரணம். ராஜாஜியின் வாதங்கள் வென்றன என்று சொல்வது மிகை. பதிவு பெற விரும்பும் கட்சிகள் சோஷலிசத்துக்கு உறுதிமொழி அளிக்க வேண்டும் என்ற 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இன்னும் நீக்கப்படவில்லை. சுதந்திரக் கட்சியை மீட்டெடுக்க 1990-களில் முயன்றவர்கள் அந்த உறுதிமொழியைத் தர மறுத்து மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினர்.