கழுத்துக் கழலையும் தூத்துக்குடி உப்பும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். காபியோட உக்காருங்க :)

முதல்ல ஒரு புள்ளிவிவரம். 2018-19ல் இந்தியா முழுக்க வீடுகளில் புழங்கும் உப்பை எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாங்க. போதுமான அளவு அயோடின் இருக்கிற உப்பைச் சாப்பிடும் வீடுகள் நாட்டு அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். எல்லா மாநிலங்களிலும் நாமதான் கடைசி.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எனக்குச் சொந்த ஊர் திருவேங்கடம். முன்னாடி சங்கரன்கோவில் தாலுகா, இப்போ தென்காசி மாவட்டத்தில் தனித் தாலுகா. கோவில்பட்டி வழியா ஒரு லாரி கிளம்பினா தூத்துக்குடி உப்பு அன்னைக்கே எங்க ஊர் அண்ணாச்சி கடையில இறங்கிடும். உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கிற நாம, நல்ல உப்பு சாப்பிடுறதுல ஏன் கடைசி? இதைத் தேடிப் போனா கில்கிட், குன்னூர், காங்ரான்னு ஊர் ஊரா சுத்த வேண்டியதாப் போச்சு.

அதுக்கு முன்னால, அயோடின் உடம்புக்குள்ள போய் என்னதான் செய்யுதுன்னு பார்த்துடலாம்.

கழுத்துல குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி மாதிரி உக்காந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. அது தயாரிக்கிற சரக்கு தைராக்சின். உடம்பு எவ்வளவு வேகத்துல வேலை செய்யணும், எவ்வளவு சூடா இருக்கணும்னு தீர்மானிக்கிற ஹார்மோன். ஒரு தைராக்சின் மூலக்கூறுக்கு நாலு அயோடின் அணு வேணும். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிதான் இதுக்கு மேற்பார்வை. அது ரத்தத்துல தைராக்சின் எவ்வளவு இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா டி.எஸ்.ஹெச். என்கிற ஹார்மோனைக் கூடுதலா அனுப்பி, "சரக்கு பத்தலை, வேலையைக் கூட்டு"ன்னு சொல்லும்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, தைராய்டு ஒரு தீப்பெட்டி ஆபீஸ். பிட்யூட்டரி அதோட கணக்குப்பிள்ளை. குச்சி வரத்து நின்னு போச்சுன்னு வைங்க. பெட்டி குறையுது. கணக்குப்பிள்ளைக்குக் குச்சி இல்லாத விஷயம் தெரியாது. "ஆளைக் கூட்டு, ஷெட்டைக் கூட்டு"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கார். ஆபீஸ் பெருசாகிக்கிட்டே போகுது, பெட்டி மட்டும் வரலை. அந்தப் பெருசான ஆபீஸ்தான் கழுத்துக் கழலை. வீக்கம்னு நாம நினைக்கிறது, பட்டினி கிடக்கிற ஒரு சுரப்பி பிட்யூட்டரியோட கட்டளைக்குக் கட்டுப்பட்டுச் செய்த வேலை!

கணக்குப்பிள்ளையே படுத்துட்டா என்ன ஆகும்? அதுவும் நடக்கும். பிரசவத்துல கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்ட சில தாய்மாருக்குப் பிட்யூட்டரி ரத்தம் கிடைக்காம சேதமாயிடும். தாய்ப்பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்ப வராது, தைராய்டும் மந்தமாயிடும். 1937ல் ஹெரால்ட் ஷீஹன் என்ற மருத்துவர் இதை விளக்கமா எழுதினார். இந்த நிலையில டி.எஸ்.ஹெச். பரிசோதனையை மட்டும் பார்த்தா எல்லாம் சரின்னுகூடத் தோணலாம். ஏன்னா சத்தம் போட வேண்டியவரே பேச்சு மூச்சில்லாம கிடக்கார். அதனால டாக்டர் தைராக்சின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னா, வீண் செலவுன்னு நினைக்காதீங்க.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1811ல் பாரிஸில் பெர்னார்ட் கூர்த்துவா வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு தயாரிக்கும் வேலையில் இருந்தார். நெப்போலியனின் போர்க்காலம். கடல்பாசியை எரிச்ச சாம்பலோடு அவர் வேலை செய்யும்போது ஊதா நிறப் புகை கிளம்புச்சு. அதுதான் அயோடின். 1820ல் ஜெனிவாவில் குவாந்தே என்ற மருத்துவர் கழலைக்கு அயோடின் கொடுத்துப் பார்த்தார். கழலை சுருங்குச்சு. ஆனா அளவு தெரியாம ஆளாளுக்குக் கொடுத்து, படபடப்பும் மெலிவும் வந்து, மருந்துக்குக் கெட்ட பேராயிடுச்சு.

1891ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு செயலிழந்து முகமும் உடம்பும் ஊதி மந்தமாகிப்போன 46 வயசுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏத்தினார். அந்தம்மா பிழைச்சு, அதுக்கப்புறம் 28 வருஷம் வாழ்ந்தாங்க. அதுக்குத் தேவைப்பட்ட ஆடுகள் 800க்கும் மேல! இன்னைக்குக் காலையில வெறும் வயித்துல போடுற அந்தக் குட்டி வெள்ளை மாத்திரைக்குப் பின்னாடி ஒரு பெரிய ஆட்டு மந்தையே நிக்குது. 1895ல் பௌமான் என்ற ஜெர்மானியர் தைராய்டுக்குள்ளேயே அயோடின் இருக்குன்னு கண்டுபிடிச்சார். 1914 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அமெரிக்காவில் கெண்டல் தைராக்சினைப் படிகமாப் பிரிச்செடுத்தார். 1922ல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் கலக்க ஆரம்பிச்சது.

இந்தியாவில் கதை வேற திசையில போச்சு. 1901ல் இந்தியா வந்த ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் வடக்கே இமயமலைப் பக்கம் கில்கிட்டில் பணியாற்றினார். அங்கே ஒரே வாய்க்காலில் வரிசையா பல கிராமங்கள் தண்ணி எடுக்கும். மேல இருக்கிற கிராமத்துல கழலை குறைவு. கீழே போகப் போக அதிகம். ஒவ்வொரு ஊரோட அழுக்கும் அடுத்த ஊருக்குப் போகுது, அந்த அழுக்குல இருக்கிற கிருமிதான் காரணம்னு அவர் முடிவு பண்ணார். சும்மா சொல்லலை, அந்தத் தண்ணியின் வண்டலைத் தானே குடிச்சுப் பார்த்தார்! அந்தக் காலத்துல எந்த வியாதிக்கும் கிருமியைத் தேடுறதுதான் வழக்கம்.

இந்த மெக்காரிசன்தான் பிறகு நம்ம குன்னூருக்கு வந்தார். 1918ல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து சத்துணவு ஆராய்ச்சிக் கூடமாச்சு. 1958ல் ஐதராபாத்துக்குப் போயிடுச்சு. இன்னைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு சொல்றது அதைத்தான். நாட்டோட ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு நீலகிரிதான் தாய்வீடுன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே குன்னூர் கூடத்தில் 1947க்குப் பிறகு சில ஆண்டுகள் வேலை பார்த்த இன்னொருத்தர் வி.ராமலிங்கசுவாமி. ஸ்ரீகாகுளத்தில் பிறந்த தெலுங்குக்காரர். பின்னாளில் டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ஆனவர். இந்தியாவில் கழலைக்கு விடை சொன்னது இவரும் இவரோட குழுவும்தான். இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கு, சுமார் ஒரு லட்சம் மக்கள். 1956ல் பள்ளத்தாக்கை மூணா பிரிச்சாங்க. இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு (ஒண்ணுக்கு அயோடைடு, இன்னொண்ணுக்கு அயோடேட்), நடுவில் ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. 1962ல் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்தா, அயோடின் உப்பு கொடுத்த இரண்டு இடத்திலும் கழலை பாதியா, அதுக்கும் கீழே இறங்கியிருந்தது. சாதா உப்புப் பகுதியில் அப்படியே இருந்தது. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு போச்சு. 1962லேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் வந்தது.

படிச்சப்போ எனக்கு உறுத்தின ஒரு விஷயம்: நடுப்பகுதியில் அந்த ஆறு வருஷம் பிறந்த பிள்ளைகள். ஏன்னா அயோடின் குறைவின் பெரிய நஷ்டம் கழுத்துல இல்லை, மூளையில. கருவில் இருக்கும்போது தாய்க்கு அயோடின் போதலைன்னா குழந்தையின் மூளை வளர்ச்சி தடைபடும். ரொம்ப மோசமானா செவிடு, ஊமை, குள்ளம், மனவளர்ச்சிக் குறைவு. லேசானா வெளியே எதுவும் தெரியாது, வகுப்புல பிள்ளை பின்தங்கி நிக்கும். அவ்வளவுதான். "மக்குப் பய"ன்னு வாத்தியார் காதைத் திருகியிருப்பார். கழலையைக் கண்ணால பார்க்கலாம், இதை எப்படிப் பார்ப்பீங்க?

இங்கதான் நம்ம ஊர் சிக்கல் ஆரம்பிக்குது. கழலை மலைநாட்டு வியாதி, கடலோரத்துக்காரங்களுக்கு எதுக்குன்னு ஒரு நினைப்பு. பிறகு நடந்த ஆய்வுகளில், சோதிச்ச மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில் குறைபாடு இருக்கிறது தெரிஞ்சது. எந்த மாநிலமும் தப்பலை. 1983-84ல் நாடு முழுக்க எல்லாருக்கும் அயோடின் உப்புன்னு முடிவாச்சு.

"கடல் உப்புலதான் இயற்கையாவே அயோடின் இருக்கே"ன்னு நிறையப் பேர் கேப்பாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு, சுமார் 60 மைக்ரோகிராம் அயோடின். அதுல ஒரு துளிகூட வீணாகாம உப்புல தங்கினாலும், நாம ஒரு நாளைக்குச் சாப்பிடுற 10 கிராம் உப்புல 17 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். பெரியவங்களுக்குத் தேவை 150. கர்ப்பிணிக்கு இன்னும் அதிகம். போதாக்குறைக்குப் பாத்தியில வெயில்ல காயும்போது இருக்கிறதுலயும் பெரும்பகுதி போயிடும். அயோடின் கடல்ல இருக்கு, கடல்பாசியில இருக்கு, மீன்ல இருக்கு. உப்புல இல்லை. அரசு விதிப்படி உப்பு ஆலையை விட்டுக் கிளம்பும்போது கிலோவுக்கு 30 மில்லிகிராம், வீட்டுக்கு வரும்போது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கணும். அந்த 15ஐ 10 கிராமுக்குக் கணக்குப் போட்டா சரியா 150 மைக்ரோகிராம் வரும்.

அப்புறம் அரசியல். 1998 மே மாதம் மத்திய அரசு, சாப்பாட்டுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்கத் தடை போட்டது. 2000 செப்டம்பரில் அந்தத் தடையை எடுத்தது. எதை உண்பது என்பது மக்களின் உரிமை, சிறு உப்பளக்காரங்க அழிஞ்சு பெரிய கம்பெனி மட்டும் பிழைக்கும்னு வாதம். 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து உப்பெடுத்த மண்ணுல இந்த வாதம் எடுபடத்தானே செய்யும்? டாக்டர்கள் கடுமையா எதிர்த்தாங்க. 2006 மே மாதம் தடை திரும்ப வந்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட முடியாதுன்னு அதை ரத்து செய்தது; ஆனா பொதுநலம் கருதி ஆறு மாசம் தொடர விட்டது. அந்த வருஷமே புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதே தடை வந்து உக்காந்துக்கிச்சு.

சிறு உப்பளக்காரர் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். வெயில்ல கால் வெந்து பாத்தி மிதிக்கிறவங்க அவங்க. ஆனா உப்புல அயோடேட் தெளிக்கிறது ஒண்ணும் ராக்கெட் வித்தை இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் 1974ல் தொடங்கின தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்புச்சத்தும் அயோடினும் சேர்ந்த உப்பையே தயாரிக்குது. கல் உப்பிலும் அயோடின் கலந்து விற்கிறாங்க. என் பார்வையில நாம கடைசியில நிக்கிறதுக்குக் காரணம், உப்பளம் ரொம்பப் பக்கத்துல இருக்கிறதுதான். மூட்டையில வர்ற கல் உப்பு மலிவு, ஊறுகாய்க்கும் குழம்புக்கும் அதுதான் ருசின்னு பழகிட்டோம். தோல் பதனிடவும் மாட்டுக்கும்னு விற்கிற உப்பு அப்படியே அடுப்படிக்கு வந்துடுது. தூரத்துல இருக்கிறவனுக்குப் பாக்கெட்தான் கதி, அதனால அவன் தப்பிச்சான்.

கடைசியா, "அயோடின் உப்பு வந்தப்புறம்தானே வீட்டுக்கு வீடு தைராய்டு?" என்ற கேள்வி. 2013ல் வெளியான ஆய்வில், சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைச் சோதிச்சதில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு. இதுல பெரும்பங்கு, உடம்பே தன் தைராய்டைத் தாக்குற ஹாஷிமோட்டோ வகை. 1912லேயே ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரிச்ச நோய், உப்புல அயோடின் கலக்கிறதுக்கு முன்னாடியே. அயோடின் அளவுக்கு மீறிப் போனா, வாய்ப்புள்ள சிலருக்கு இது கூடும் என்பது உண்மை. அதனாலதான் உப்புல அளவு வெச்சுக் கலக்குறாங்க. அதுக்காக அயோடினையே நிறுத்தினா, பெரியவங்களுக்கு மாத்திரையால சரிபண்ணக்கூடிய ஒண்ணுக்குப் பயந்து, பிறக்கப்போற பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காத ஒண்ணை இழக்கிறோம். மருமகளோ மகளோ முழுகாம இருக்கிற வீட்டுல இதை ரெண்டு தடவை யோசிங்க.

நான் டாக்டர் இல்லை, வாசிச்சதைச் சொல்றேன். மாத்திரை சாப்பிடுறவங்க யாரும் இதைப் படிச்சுட்டு எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உப்பை மூடின ஜாடியில, அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி வைங்க. கல் உப்புதான் வேணும்னா அயோடின் கலந்த கல் உப்பு கேளுங்க, அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும்.

இப்போ எந்திரிச்சுப் போய் உங்க வீட்டு உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. என்ன எழுதியிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கத்து நண்பர்கள் :)