அரசனில்லாத் தீவு எழுதிய அரசர் கதை

1263 டிசம்பர். ஓர்க்னித் தீவுகளின் கிர்க்வால் ஊரில், ஆயர் மாளிகையில் நோர்வே அரசர் நான்காம் ஹாகோன் நோயுற்றுக் கிடந்தார். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைக் கைவிடக் கூடாது என்று கோடையில் பெரும் கப்பற்படையோடு புறப்பட்டவர். லார்க்ஸ் கரையில் புயலும் சண்டையும் சேர்ந்து அவரைத் திருப்பிவிட்டன. குளிர்காலத்தை ஓர்க்னியிலேயே கழிக்கலாம் என்று தங்கினார்.

படுக்கையில் கிடந்தபடி முதலில் லத்தீன் நூல்களை வாசிக்கச் சொன்னார். உடல் தளர்ந்திருந்ததால் அவற்றின் பொருளைத் தொடர முடியவில்லை. பிறகு தாய்மொழியில் புனிதர்களின் வரலாறுகள். அவையும் தீர்ந்தபின், கருப்பு ஹால்ஃப்டான் தொடங்கித் தன் முன்னோர்களின் கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டனார் ஸ்வெர்ரேயின் சரித்திரம் நள்ளிரவை ஒட்டி வாசித்து முடிக்கப்பட்டது. சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது.

இத்தகைய அரசர் சரித்திரங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் நோர்வேயில் பிறந்தவர்கள் அல்லர், ஐஸ்லாந்துக்காரர்கள். ஸ்வெர்ரேயின் சரித்திரத்தைத் தொடங்கியவர் ஐஸ்லாந்தின் திங்கேய்ரார் மடத்துத் தலைவர் கார்ல் யோன்சன். அரசரே அருகில் அமர்ந்து எதை எழுத வேண்டும் என்று சொன்னதாக அந்நூலின் முன்னுரை கூறுகிறது.

ஐஸ்லாந்திலோ அரசனே கிடையாது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் 930-ஆம் ஆண்டளவில் ஆல்திங் என்ற பொதுச் சபையை அமைத்தார்கள். சபைக்கு இருந்த ஒரே பொது அதிகாரி, சட்டத்தை மனப்பாடமாக ஓதுபவர். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டத்தையும் பாறைமீது நின்று சொல்லி முடிப்பார். படை கிடையாது, வரி வாங்கும் கருவூலமும் கிடையாது. கப்பல் கட்டத் தகுந்த மரம்கூட அந்த மண்ணில் விளையவில்லை.

விளைந்தது கவிதை. பாடல் கட்டத் தெரிந்த இளைஞன் நோர்வேக்குக் கப்பல் ஏறினால் அரசவையில் இடமும் பொன்னும் கிடைக்கும். அவர்கள் வெறும் துதிபாடிகள் என்று நினைத்துவிடக் கூடாது. குடியானவர்களை வதைத்த இளம் அரசர் மாக்னஸை, அவருடைய தந்தை ஒலாஃபுக்கும் புலவராக இருந்த சிக்வாட் என்ற ஐஸ்லாந்துக்காரர் பாட்டாலேயே கடிந்துகொண்டார். அரசரும் திருந்தினார், மக்கள் அவரை ‘நல்லவர் மாக்னஸ்’ என்றே நினைவில் வைத்தார்கள். ஒருவர் செய்யாத வீரத்தை அவர் முகத்துக்கு எதிரே பாடினால் அது புகழாகாது, ஏளனமாகிவிடும். ஆகவே அவைப்பாடல்களை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்று ஒருவர் வாதிட்டார். அவர்தான் ஸ்னோரி ஸ்டுர்லுசன்.

நோர்வே அரசர் வரிசையை ‘ஹைம்ஸ்கிரிங்லா’ என்ற பெருநூலாகத் தொகுத்தவர் ஸ்னோரி என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சட்டம் ஓதும் பதவியில் இருமுறை இருந்த பெரும் செல்வர் அவர். 1218-இல் நோர்வே சென்றபோது ஹாகோன் பதின்வயதுச் சிறுவன், ஆட்சி ஸ்கூலி பிரபுவின் கையில். இருவரையும் ஸ்னோரி பாடினார். அரசரின் அடியாராகப் பட்டம் பெற்று, ஐஸ்லாந்தை அரசருக்குப் பணியவைப்பதாக வாக்கும் கொடுத்துத் திரும்பினார். வாக்கு நிறைவேறவில்லை. 1237-இல் மறுபடி சென்றவர், இரண்டு ஆண்டு கழித்து அரசரின் தடையை மீறி ஊருக்குக் கப்பலேறினார். ஸ்கூலி 1240-இல் கலகம் செய்து கொல்லப்பட்டார். அவருடைய நண்பரான ஸ்னோரி துரோகியானார். அவரைப் பிடித்து அனுப்பு, முடியாவிட்டால் கொன்றுவிடு என்று அவருடைய முன்னாள் மருமகன் கிஸ்ஸூருக்கு அரசரின் ஓலை வந்தது. 1241 செப்டம்பர் 23 இரவு, ரெய்க்ஹோல்ட் வீட்டின் நிலவறையில் ஸ்னோரியை வெட்டிக் கொன்றார்கள்.

அரசர் குலத்துக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்த கிழவரை அரசரே கொல்லச் சொன்ன இச்செயல் எந்த அரசியல் நியாயத்துக்கும் அடங்காது என்றே நான் கருதுகிறேன்.

தலைவர் குடும்பங்களின் சண்டையில் சலித்துப்போன ஐஸ்லாந்து, 1262-க்கும் 1264-க்கும் இடையில் பகுதி பகுதியாக அரசருக்கு வரி கட்ட ஒப்புக்கொண்டது. தங்கள் சட்டம் காக்கப்பட வேண்டும், நோர்வேயிலிருந்து ஆறு கப்பல்கள் வரவேண்டும் என்பவை அவர்கள் கேட்டவற்றுள் சில. மரமில்லாத தீவுக்கு அந்தக் கப்பல்கள்தான் உயிர்.

ஸ்னோரியின் அண்ணன் மகன் ஸ்டுர்லா தோர்தர்சன். சித்தப்பாவின் கொலைக்குப் பழிவாங்கக் கிளம்பியவர்களில் ஒருவர். 1263-இல் அரச கோபத்துக்கு ஆளாகி நோர்வே போய்ச் சேர்ந்தார். ஹாகோன் அப்போது படையெடுப்பில் இருந்தார், ஊரில் இருந்தது மகன் மாக்னஸ். அரச கப்பலில் ஸ்டுர்லா ஓர் அரக்கியின் கதையைச் சொல்ல, கப்பலாட்கள் சுற்றி நெருக்கினார்கள். அரசி அந்தக் கதையைத் தானும் கேட்க விரும்பினாள். கதைக்குப்பின் கோபம் தணிந்தது. இறந்துபோன ஹாகோனின் வரலாற்றை எழுதும் பொறுப்பும் ஸ்டுர்லாவுக்கே வந்தது. கிர்க்வாலின் கடைசி இரவுகளை நாம் அறிவது அந்த நூலால்தான்.

1271-இல் மாக்னஸின் புதிய சட்டநூலை ஐஸ்லாந்துக்குக் கொண்டுவந்தவரும் ஸ்டுர்லாவே. சட்டம் ஓதும் பழைய பதவி அதோடு முடிந்தது. மாக்னஸின் சரித்திரத்தையும் அவர் எழுதினார். அதில் இன்று எஞ்சியிருப்பவை சில துணுக்குகளே. எந்த அரசரும் கேட்காமல் தன் நாட்டாருக்காக அவர் எழுதிய ‘ஐஸ்லாந்தியர் சரித்திரம்’ ஒரு பெருந்தொகுப்பின் உள்ளே பிழைத்திருக்கிறது. ரெய்க்ஹோல்ட் நிலவறைக்குள் இறங்கிய ஐந்து பேரையும் அதில் அவர் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்.

(தொடரும்)